ரெக்கைக்காரன் தூங்கிய நாள்

பிச்சாட்டூரைத் தாண்டியதும் அந்தத் திங்கட்கிழமைக் காலையில் நடந்தவை, வரிசைப்படி:

1. பஸ்ஸின் இடது முன்சக்கரம் தாரை விட்டு மண்ணில் இறங்கியது. சரளைக்கல் அடித்தட்டில் பட்டுச் சடசடத்தது.

2. டிரைவர் சீட்டுக்குப் பின்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த நான் மேலே மாட்டியிருந்த கண்ணாடியில் நைனாவின் முகத்தைப் பார்த்தேன். கண்கள் மூடியிருந்தன.

3. "நைனா!" என்று கத்தினேன்.

4. கண்கள் திறந்தன. கை ஸ்டியரிங்கைத் திருப்பியது. வண்டி மறுபடி தாரில் ஏறியது.

5. பின்னால் இருந்த அத்தனை பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தலை மட்டும் ஜன்னல் கம்பியில் இடித்தது. தடவிக்கொண்டு மறுபடி தூங்கிவிட்டார்.

6. நைனா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "குழி" என்றார்.

7. அங்கே குழி இல்லை.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா முனிரத்தினம், புத்தூரிலிருந்து ஸ்ரீசிட்டித் தொழிற்பேட்டைக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிச் செல்லும் ஸ்டாஃப் பஸ்ஸின் டிரைவர். அங்கே ஒரு தொழிற்சாலையில் நான் தரச் சோதனை இன்ஜினியர். ஆகவே தினமும் காலையில் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விடுவது என் அப்பாதான், கூடவே இன்னும் நாற்பது பேரை.

மதிய ஷிப்ட்டுக்கு வேறு டிரைவர் இருந்தார். மழைக்காலத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். திருப்பதியில் இருக்கும் பஸ் ஓனர், "ஒரு வாரம் நீயே பாத்துக்கோ முனிரத்னம்" என்றார். நைனா, "பர்லேது சார்" என்றார். பரவாயில்லை என்பதற்கு எங்கள் ஊர்த் தெலுங்கு அது. அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. மழை நின்றது, பனி வந்தது, மாமரங்களில் பூ வந்தது. நைனா விடியும் முன் கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு வந்துகொண்டிருந்தார்.

"குழி எங்க நைனா?" என்று அன்றைக்கு இறங்கும்போது கேட்டேன்.

"அதான் தாண்டிட்டமே. திரும்பிப் போய்க் காட்டணுமா?"

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சோற்றுத் தட்டை வைத்துவிட்டு நேராகக் கேட்டாள்: "இன்னாய்யா, வண்டியில தூங்கினியாமே?"

"யாரு சொன்னா? குழிம்மே அது."

"குழி வந்தா கண்ணு மூடிக்குமா?"

"தூசி."

ஒரு நிமிடத்துக்குள் குழி தூசியாகிவிட்டது. அம்மா என்னைப் பார்த்தாள். நான் அம்மாவைப் பார்த்தேன். நைனா ரசத்தைக் குனிந்து குடித்தார்.

சனிக்கிழமை வரை

எங்கள் தொழிற்சாலையில் 'நியர் மிஸ்' என்று ஒன்று உண்டு. நடக்க இருந்து, நடக்காமல் போன விபத்து. அதைப் பார்த்தவர் சொல்லிவிட வேண்டும். சொன்னால் யாரையும் தண்டிக்க மாட்டார்கள், கைதட்டுவார்கள். ஒரு தடவை சாமான் தூக்கி அடுக்கும் பாரவண்டி ஒன்று அலமாரியை உரசிக்கொண்டு போனதை நான் சொல்லி, கைதட்டலும் வாங்கியிருக்கிறேன்.

பாரவண்டிக்கு மானம் கிடையாது. அதனால் அது எளிதாக இருந்தது.

இங்கே நான் ஓனருக்குப் போன் செய்து சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். 'தூங்குற டிரைவர்' என்று பெயர் வந்துவிடும். திருப்பதி முதல் சத்தியவேடு வரை டிரைவர்களுக்குள் செய்தி பரவ ஒரு டீ குடிக்கும் நேரம் போதும். அதன் பிறகு யாரும் அவர் கையில் ஸ்டியரிங் தர மாட்டார்கள். அவரே போய்ச் சொன்னால் கதை வேறு. அப்போது அவர் 'ரெண்டு ஷிப்ட் ஓட்டிக் களைத்த டிரைவர்'. செய்தி ஒன்றுதான், சொல்கிற வாய்தான் வேறு.

ஆனால் பின்னால் நாற்பது பேர் தூங்குகிறார்கள். அவர்களிடம் இதையெல்லாம் யாரும் கேட்கவில்லை.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்தேன். சனிக்கிழமை வரை அவருக்கு நேரம். அதுவரை காலையில் நான் அவரைத் தூங்க விடமாட்டேன். மதிய ஷிப்ட்டில் கிளீனர் சீட்டில் தன் அண்ணனை உட்கார வைப்பதாக அம்மா சொன்னாள். மாமாவுக்கு வேலை, நிறுத்தாமல் பேசுவது. அது அவருக்கு இயல்பாக வரும். சனிக்கிழமைக்குள் நைனா தானாகச் சொல்லவில்லை என்றால் ஓனரிடம் நான் சொல்வேன்.

செவ்வாய்க்கிழமை என் பேச்சு நாராயணவனம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. தக்காளி விலை, பெரியப்பாவின் நிலத் தகராறு, பக்கத்து வீட்டு நாய் எல்லாம் முடிந்தன. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பட்டியல் போடுகிறவள். பட்டியலைச் சத்தமாகப் படித்தால் தூக்கம்தான் வரும்.

புதன்கிழமை பழைய மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு போனேன்.

மொட்டைத் தலைகளின் மூட்டை

அந்தப் பை எங்கள் வீட்டுக்கு வந்த கதையைச் சொல்லியாக வேண்டும்.

நான் சின்ன வகுப்பில் படித்த நாட்களில் நைனா திருப்பதிக்கும் சென்னைக்கும் தனியார் பஸ் ஓட்டினார். ஒருநாள் சென்னையில் எல்லோரும் இறங்கிப் போன பிறகு, மேலே சாமான் வைக்கும் தட்டில் ஒரு மஞ்சள் துணிப்பை கிடந்தது. உள்ளே சின்னச் சின்னப் படக்கதைப் புத்தகங்கள். ஒரு டஜனுக்கு மேல்.

நைனா பொறுப்பானவர். உரியவரைத் தேடினார். அதில்தான் சிக்கல்.

"யார் பைன்னு எப்பிடிம்மே கண்டுபிடிக்கிறது? ஏறின அத்தனை பேரும் மொட்டை. அத்தனை தலையிலும் சந்தனம். மூஞ்சி ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றார் அம்மாவிடம்.

மலையிலிருந்து இறங்கி வருகிற கூட்டத்தை ஏற்றிச் செல்லும் டிரைவருக்கு மட்டும் வருகிற பிரச்சனை அது. பல மாதங்கள் அந்தப் பையைத் தன் சீட்டுக்கு அடியில் டூல் பெட்டியோடு வைத்திருந்தார். ஒவ்வொரு நடையிலும் யாராவது கேட்பார்களா என்று பார்த்தார். கேட்க வந்திருந்தாலும் அதற்குள் முடி வளர்ந்திருக்கும். அவருக்கு அடையாளம் தெரிந்திருக்காது. கோடை விடுமுறையில் பையை வீட்டுக்குக் கொண்டுவந்து என் மடியில் போட்டார். புத்தகங்களைத் திறந்தால் டீசல் வாசனையும் சந்தன வாசனையும் சேர்ந்து வந்தது. இன்றைக்கும் டீசல் பங்க்கில் நின்றால் எனக்கு முகமூடி போட்ட ஒரு மனிதன் நினைவுக்கு வருகிறான்.

எல்லாம் ஒரே நாயகனின் கதைகள். ஏதோ வெளிநாட்டில் எழுதி வரைந்ததை, யாரோ தமிழில் மாற்றி, மட்டமான தாளில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டிருந்தார்கள். அட்டை மட்டும் சிவப்பும் நீலமும். நாயகனின் முதுகில் இரும்பு இறக்கைகள். நாலு இறக்கை, தும்பிக்கு இருப்பதுபோல.

இதில் இன்னொரு சிக்கல். எங்கள் வீட்டில் யாருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். எங்களுக்கு இல்லை. பல தலைமுறையாக வீட்டில் பேசுவது தமிழ். பள்ளிக்கூடம் தெலுங்கு. நைனா ஏழாவது வரை தெலுங்கில் படித்தவர். அம்மா ஐந்தாவது வரை. நான் தெலுங்கில் தொடங்கி இங்கிலீஷுக்குப் போனவள். எங்களுக்கு வாயில் ஒரு மொழி, கண்ணில் ஒரு மொழி. அத்தனை வருடம் சென்னைக்குப் பஸ் ஓட்டிய நைனா, 'சென்னை' என்ற எழுத்தைக்கூட வடிவத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டார். "முன்னால ஒரு கொம்பு, நடுவுல ரெண்டு கொம்பு, அது வந்தா ரைட்ல திரும்பணும்."

வில்லன் பெயர் ஆர்டிஓ

படிக்கத் தெரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே. நைனா படத்தைப் பார்த்துக் கதை சொன்னார்.

நாயகனுக்கு 'ரெக்கைக்காரன்' என்று பெயர் வைத்தார். ஊர் சென்னை, ஏனென்றால் உயரமான கட்டடங்கள் இருந்தன. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியும் கையில் ஃபைலுமாக ஒருவன் அடிக்கடி வந்தான். நைனா தயங்கவே இல்லை. "இவன்தான் ஆர்டிஓ." கொண்டை போட்ட வயதான பெண்மணி ஒருத்தி மாடிக் குடியிருப்பில் நாயகனுக்குப் பக்கத்து அறையில் இருந்தாள். அவள் 'அத்தை'. நாயகன் பகலில் ஸ்பானரோடு ஏதோ ஓர் இயந்திரத்துக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பான். நைனாவுக்கு அதில் தனிப் பெருமை. "பாத்தியா, ரெக்கைக்காரனும் மெக்கானிக்குதான்."

இன்னொன்றும் உண்டு. இந்த நாயகன் சண்டை போட்ட பக்கங்களைவிட, சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த பக்கங்கள் அதிகம். சிறுமியாக எனக்குப் பிடித்தவை அவைதான். கிழிந்த சட்டையை ஊசி நூலால் தைக்கிறான். வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். லிஃப்ட்டுக்குள் சுவரில் சாய்ந்து நிற்கிறான், கண் மூடியிருக்கிறது. முகமூடியோடு தும்முகிறான்.

நான் ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

"நைனா, இவன் ஏன் கால தண்ணியில வெச்சுக்கினு இருக்கான்?"

"சேத்துல மெரிச்சிட்டான். கழுவுறான்."

"இங்க ஏன் கண்ண மூடிக்கினு நிக்கிறான்?"

"யோசன பண்றான்."

"இங்க?"

"அடிபட்டு மயக்கம். அடுத்த படத்துல எழுந்துப்பான் பாரு. எழுந்தானா? டூட்டி அப்பிடி."

நைனாவின் ரெக்கைக்காரன் ஒரு தடவைகூடக் களைத்ததில்லை. ஒவ்வொரு கதையும் ஒரே மாதிரி முடிந்தது. அவன் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மறுபடி டூட்டிக்குப் பறந்தான்.

கட்டம் போட்டுக் கற்ற எழுத்து

திருப்பதியில் கல்லூரி முடித்து வேலையில் சேர்ந்த பிறகுதான் நான் தமிழ் எழுத்து கற்றேன். காரணம் தேன்மொழி. என்னோடு அதே சோதனைப் பிரிவில் வேலை செய்கிறாள். திருத்தணிக்காரி, புத்தூரில் அத்தை வீட்டில் தங்கி எங்கள் பஸ்ஸில்தான் வருவாள். கேன்டீனில் ஒருநாள் யாரோ தமிழில் எழுதி ஒட்டிய காகிதத்தைப் பார்த்து, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

"என்னடி, இவ்ளோ தமிழ் பேசுற, படிக்கத் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப நீ தமிழா, தெலுங்கா?"

"புத்தூர்."

அன்றைக்கே பேப்பரில் கட்டம் போட்டுத் தந்தாள். உயிர் மேலே, மெய் பக்கவாட்டில். ஒரு வரிசையும் ஒரு நிரலும் சந்தித்தால் ஓர் எழுத்து. எனக்கு அந்த அட்டவணை உடனே பிடித்துப்போனது. ஒன்றுதான் உறுத்தியது. தெலுங்கில் நாலு 'க' உண்டு, தமிழில் ஒன்றே ஒன்று நாலு பேர் வேலையையும் செய்கிறது. "எந்த இடத்துல எந்த சத்தம்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "தெரியும்" என்றாள். இன்ஜினியருக்குத் தரக்கூடிய பதில் இல்லை அது. ஆனால் சரிதான், பிறகு தெரிந்துவிட்டது.

படிக்க வந்ததும் முதலில் எடுத்தது மஞ்சள் பையைத்தான்.

ரெக்கைக்காரனின் உண்மைப் பெயர் 'இரும்புத் தும்பி'. அவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஆர்டிஓ உண்மையில் ஒரு கெட்ட கண் மருத்துவர். இவையெல்லாம் போகட்டும். அந்த ஆள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தான் களைத்திருப்பதையே சொல்லிக்கொண்டிருந்தான். வெந்நீர் வாளிப் படத்தில், 'ஐயோ, இவை என் கால்கள்தானா?' என்கிறான். லிஃப்ட்டுக்குள், 'ஒரு மாடி... ஒரே ஒரு மாடி தூங்கிக்கொள்கிறேன்' என்கிறான்.

முதலில் சிரித்தேன். பிறகு அவ்வளவு சிரிப்பு வரவில்லை. நைனாவிடம் இதைச் சொல்லத் தோன்றவும் இல்லை. அவர் சொன்ன கதையில் வளர்ந்தவள் நான். அதற்கு என்ன குறை?

என் வேலையில் ஒரு சோதனை உண்டு. ஒரு பாகத்தைத் திரும்பத் திரும்ப இயக்கி, எத்தனையாவது தடவையில் உடைகிறது என்று பார்ப்பது. எல்லாமே ஒரு கட்டத்தில் உடையும். அந்த எண்ணைக் குறித்து, அதற்கு வெகு முன்னாலேயே மாற்றச் சொல்லிப் பரிந்துரைப்போம். உடைந்த கதவுக் கீலைப் பார்த்து யாரும் 'சோம்பேறிக் கீல்' என்று எழுதியதில்லை.

ஓடும் பஸ்ஸில்

புதன்கிழமை இன்ஜின் மூடியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன்.

"பழைய பொம்ம புஸ்தகமா? எனக்குத் தெரியாத கதையா?" என்றார் நைனா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தெரியாத கதைதான். அச்சுல என்ன இருக்குன்னு படிக்கிறேன், கேளு."

படித்தேன். ஆர்டிஓவிடம் வந்ததும் தகராறு ஆரம்பித்தது.

"கண் டாக்டரா? கைல ஃபைல் வெச்சுக்கினு இருக்கானே!"

"கண் டாக்டருக்கும் ஃபைல் இருக்கும் நைனா."

"இன்னா அநியாயம்."

மூன்றாவது சீட்டில் சீனு விழித்துக்கொண்டார். அவர் வெல்டர், திங்கட்கிழமை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டவர். "அண்ணா, உங்க கதைதான் சூப்பரு. ஆர்டிஓவே இருக்கட்டும்" என்றார். தேன்மொழி பின்னாலிருந்து என் ழகரத்தைத் திருத்தினாள். வியாழக்கிழமை முன்சீட்டுகளில் யாரும் தூங்கவில்லை. சிலர் அச்சுக் கட்சி, சிலர் நைனா கட்சி. நைனா பஸ்ஸை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு படத்துக்கும் வாதாடினார்.

காலையில் அவர் தூங்கவில்லை என்பது மட்டும் உறுதி. ஆனால் நான் பக்கத்தில் இருந்ததால் மற்றதையும் பார்த்தேன். ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் புரட்டுகிற இடைவெளியில் அவர் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டார். கன்னத்துக்குள் கிராம்பு வைத்திருந்தார். கண்ணோரம் சிவந்து ஈரமாக இருந்தது. மாமாவும் மதியத்தில் அதையேதான் பார்த்திருக்கிறார். "எம்மா நேரம்தான் நான் பேசறது? அவன் ம் கொட்டுறத நிறுத்தினா தோளப் புடிச்சு உலுக்குறேன்" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமையும் நைனா ஓனருக்குப் போன் செய்யவில்லை.

தண்ணீர்த் தொட்டிமேல்

சனிக்கிழமை. ஓனரின் எண்ணை என் போனில் எடுத்து வைத்திருந்தேன். பையில் ஒரே ஒரு புத்தகம்தான் பாக்கி. தொழிற்சாலை வாசலில் இறங்கியதும் பேசிவிடுவது என்று இருந்தேன். 

கதை நாராயணவனத்தில் தொடங்கி, பிச்சாட்டூர் நெருங்கும்போது முக்கியமான பக்கத்துக்கு வந்தது. உயரமான கட்டடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி. அதன்மேல் அவன் உட்கார்ந்திருக்கிறான். இறக்கைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருக்கிறான். தலை குனிந்திருக்கிறது.

"தொட்டிமேல ஒக்காந்திருக்கான்" என்றேன்.

"ஆங், இது எனக்குத் தெரியும். இட்லி துன்றான்."

"இட்லி எங்க இருக்கு நைனா?"

"கைல வெச்சுக்கினு இருக்கானே, வெள்ளையா."

"அது அவன் முகமூடி."

சீனு சிரித்தார். நைனாவும் சிரித்தார். "சரி, இன்னாதான் சொல்றான், படி."

படித்தேன். "'இன்று என்னால் முடியவில்லை, எடித். ஒரு நாள். ஒரே ஒரு நாள், இந்த ஊரை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும்.'"

"யாரு எடித்து?"

"நீ அத்தைன்னு சொல்லுவியே, அவங்க."

"அவன் அப்பிடி சொல்ல மாட்டான்."

"சொல்றான் நைனா."

"அத்த இன்னா சொல்லுது? எழுந்து டூட்டிக்குப் போடான்னுதானே? கைய நீட்டிக்கினு இருக்குமே."

"கை நீட்டிப் படுக்கையைக் காட்டறாங்க. 'தூங்கு. ஆபத்து வந்தால் நான் எழுப்புகிறேன்.'"

நைனா கியரை மாற்றினார். அடுத்த படம் அவருக்கு மனப்பாடம் என்று எனக்குத் தெரியும். அவன் மல்லாந்து கிடப்பான். வாய் லேசாகத் திறந்திருக்கும். அடிபட்டு மயக்கம் என்று எத்தனையோ தடவை எனக்குச் சொன்ன படம்.

"அடுத்து?" என்றார்.

"அடுத்த படத்துல பேச்சு இல்ல. மேலே ஒரு கட்டத்துல ரெண்டு வரி."

"படி."

"'அவன் உறங்கினான். நகரம் அழிந்துவிடவில்லை.'"

 ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. இரண்டு வளைவுகளைக் கடந்தோம். பிறகு இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. பிச்சாட்டூருக்கு இந்தப் பக்கம், புளியமரத்தடி டீக்கடை முன்னால் நைனா வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தார். அந்த இடத்தில் நாங்கள் ஒருநாளும் நின்றதில்லை. பின்னால் இருந்தவர்கள் சத்தம் நின்றதால் ஒவ்வொருவராக விழித்தார்கள்.

நைனா எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"திங்கக்கெழம காலைல அங்க முன்னால வண்டி கீழ எறங்கிச்சு. குழின்னு சொன்னேன். குழி இல்ல. நான் தூங்கிட்டேன். ஒரு நொடி. நீங்கல்லாம் தூங்கிக்கினு இருந்தீங்க, இவ மட்டும் பாத்தா." என் பக்கம் கையைக் காட்டினார். "இப்பவும் கண்ணு இழுக்குது. அர மணி நேரம் படுக்குறேன். எல்லாருக்கும் லேட்டு ஆவும். திட்டறதுன்னா திட்டிக்கிங்க."

 சீனு நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "அண்ணா, அப்ப இந்தப் புடைப்பு நீங்கதானா? நான் வீட்ல பொண்டாட்டிதான் தூக்கத்துல தட்டிட்டாளோன்னு சந்தேகப்பட்டுக்கினு இருந்தேன்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் எல்லோரும் சிரிக்கவில்லை. பேக்கிங் பிரிவில் வேலை செய்யும் தனலட்சுமி அக்கா நடுவில் எழுந்து நின்றார்.

"எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க, முனிரத்னம். நம்பித்தானே கண்ண மூடிக்கினு வரோம்? அன்னிக்கே சொல்லணும்ல?"

"ஆமாம்மா," என்றார் நைனா. "சொல்லியிருக்கணும்."

 டூட்டி என்றோ, ஓனர் என்றோ, தூசி என்றோ சொல்லவில்லை. தனலட்சுமி அக்கா இன்னும் கொஞ்ச நேரம் கோபமாகவே நின்றார். பிறகு தன் ஸ்வெட்டரைக் கழற்றிச் சுருட்டி, "தலைக்கு வெச்சிக்கோ. கடைசி சீட்டுல படு, அங்கதான் நீளம்" என்று நீட்டினார்.

நைனா உடனே படுக்கவில்லை. கீழே இறங்கிப் புளியமரத்தடியில் நின்று போனை எடுத்தார். நான் ஜன்னல் வழியாகக் கேட்டேன். ஓனரிடம் எப்போதும்போலத் தெலுங்கில்தான் பேசினார்.

"ஒக்க ஷிப்ட்டே சார். ரெண்டு நா வல்ல காது."

ஒரே ஷிப்ட்தான், ரெண்டு என்னால் முடியாது என்பதைத் தெலுங்கில் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஓனர் அந்தப் பக்கம் நிறையப் பேசினார். நைனா கேட்டுக்கொண்டார். பர்லேது என்ற சொல் வருமோ என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. அதே வாக்கியத்தை இன்னொரு தடவை, சத்தத்தை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, போனைச் சட்டைப் பையில் போட்டார்.

நான் என் போனில் எடுத்து வைத்திருந்த எண்ணை மூடினேன்.

அவர் கடைசி சீட்டில் படுத்த கையோடு தூங்கிவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை பஸ் முழுக்கக் கேட்டது. வெளியே எல்லோரும் டீ குடித்தார்கள். தேன்மொழி தொழிற்சாலைக்குப் போன் செய்து, வண்டி நின்றுவிட்டது, தாமதமாகும் என்று சொன்னாள். "வண்டிக்கு என்ன ஆச்சாம்?" என்று கேட்டிருக்கிறார்கள். "வண்டி நல்லாத்தான் இருக்கு. டிரைவர் தூங்குறாரு" என்றாள்.  பிறகு, "சரி, பாத்து வாங்க" என்றார்களாம்.

நான் டீ குடிக்கப் போகவில்லை. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி அவர் முகத்தில் விழுந்தபோது ஜன்னல் திரையை இழுத்து விட்டேன். அரை மணி என்று சொன்னாரே தவிர, நான் எழுப்பியபோது அதைவிட அதிகம் ஆகியிருந்தது.

எழுந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "கடைசி பக்கத்துல இன்னா ஆவுது?"

"எழுந்து, துணியத் துவைச்சுக் காயப்போடறான்."

"அப்ப இட்லி துன்னுட்டுத்தான் தூங்கியிருக்கான்," என்றார் நைனா. "வயிறு காலியா இருந்தா அப்பிடித் தூக்கம் வராது."

அந்தச் சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் தாமதம் என்று வாசலில் குறித்துக்கொண்டார்கள்.

இன்றைய நிலவரம் இது. ஓனர் சில நாள் கோபமாக இருந்தார், பிறகு பாலசமுத்திரத்துக்காரர் ஒருவரை மதிய ஷிப்ட்டுக்குப் போட்டார். நைனா காலை ஷிப்ட் மட்டும் ஓட்டுகிறார். போகிற வழியில் புளியமரத்தடியில் ஒரு டீக்கு வண்டி நிற்கிறது. அதற்காகப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறோம், தனலட்சுமி அக்கா முதல் ஆளாக வருகிறார். மஞ்சள் பை டிரைவர் சீட்டுக்கு அடியில், டூல் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கதைகள் எல்லாம் முடிந்துவிட்டதால், இப்போது முதலிலிருந்து நைனா சொன்னபடி சொல்லச் சொல்கிறார்கள். ஆர்டிஓ திரும்ப வந்துவிட்டார்.

மதியம் நைனா வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே தூங்குகிறார். புத்தூர் இருந்த இடத்தில் இருக்கிறது.